நியூத்திரன் கதிர்வீச்சும் இலத்திரனியல் உபகரணங்களும்

நியூத்திரன் கதிர்வீச்சினால் இலத்திரனியல் உபகரணங்களுக்கு நேரும் மாற்றங்கள் மூவகைப்படும். குறைகடத்திப் பளிங்கின் அணுக்கள் தத்தம் ஸ்தானங்களினின்று பெயர்க்கப்படுவதால் நாளடைவில் சேர்ந்து வளரும் நிரந்தரச் சேதம் முதலாவது. அணுக்கருத் தாக்கத்தில் பிறக்கும் மின்னேற்றத் துகள்கள் நினைவகச் சில்லுகளிலும் தருக்கச் சுற்றுகளிலும் கணப்பொழுதில் உண்டாக்கும் பிழைகள் இரண்டாவது. உபகரணத்தில் அமைந்த உலோகங்களே கதிரியக்கமுடையனவாக மாறிவிடுதல் மூன்றாவது. அணு உலையின் அருகிலும் துகள் ஆர்முடுக்கிகளின் சுரங்கங்களிலும் அளவீடு செய்யும் விஞ்ஞானிக்கு, தான் அளக்க விரும்பும் கதிரே தன் அளவுகருவியைச் சிறிது சிறிதாக அழித்துக்கொண்டிருக்கும் என்பது நீங்காத கவலையாகும். எனினும் இச்சேதம் குருட்டுத்தனமாக நிகழ்வதன்று. எத்தனை நியூத்திரன்கள், எத்தகைய சக்தியோடு, எந்தப் பதார்த்தத்தில் விழுந்தன என்பதை அறிந்தவர்க்கு, உபகரணம் எப்போது எவ்வளவு நலிவுறும் என்பதை முன்கூட்டியே கணித்தல் கூடும் என்பதே, எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆராய்ச்சி இத்துறைக்குத் தந்த பெரும் பயனாகும்.

நியூத்திரனின் இயல்பும் தோற்றுவாயும்

1932ஆம் ஆண்டில் ஜேம்ஸ் சாட்விக் கண்டறிந்த நியூத்திரன், புரோத்தனுக்கு ஏறக்குறையச் சமமான திணிவுடையதாயினும் மின்னேற்றம் அற்றது. மின்னேற்றம் இன்மையால் அணுக்களைச் சூழ்ந்துள்ள இலத்திரன்கள் அதனைத் தடுத்து நிறுத்துவதில்லை. ஈயத் தகட்டையும் உருக்குக் கவசத்தையும் எளிதில் ஊடுருவிச் செல்லும் அது, ஏதேனும் ஒரு கருவை நேரே மோதும்போதோ கருவினால் கவர்ந்துகொள்ளப்படும்போதோதான் தன் இருப்பைப் புலப்படுத்துகின்றது.

பரிசோதனைச் சாலைகளில் நியூத்திரன் பல வழிகளிற் பிறக்கும். உலைகளில் யுரேனியக் கருக்கள் பிளவுறுவதாலும், அமெரிசியமும் பெரிலியமும் கலந்த சிறு மூலங்களிலும், தெயுத்திரியமும் திரித்தியமும் இணையும் தாக்கத்தில் 14 மெகா இலத்திரன்வோல்ற்றுச் சக்தியோடும், உயர்சக்திப் புரோத்தன்கள் உலோக இலக்குகளைத் தாக்கும்போதும் அது வெளிப்படும். தமிழ்நாட்டின் கற்பாக்கத்தில், 1985ஆம் ஆண்டு முதல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையம் என வழங்கும் ஸ்தாபனத்தில், 1996ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி தொடர்தாக்க நிலையை அடைந்த காமினி என்னும் சிறு உலை, தோரியத்திலிருந்து பெறப்படும் யுரேனியம்–233 எரிபொருளினால் இயங்குவது. அதன் வலு 30 கிலோவாற்று மட்டுமேயாயினும், அதன் உள்ளகத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றரினூடாக ஒரு செக்கனில் ஏறக்குறைய 10¹² நியூத்திரன்கள் செல்லும். விண்கலங்களில் உபயோகிக்கப்படும் வெடிபொருட் கருவிகளை நியூத்திரன் நிழற்படமெடுத்துப் பரிசோதித்தல் இவ்வுலையின் முக்கிய பணிகளுள் ஒன்று. இத்தகைய படப்பிடிப்பில் நியூத்திரன் கற்றை விழும் மினுமினுப்புத் திரையை நேரே நோக்குமாறு கமெராவை வைப்பதில்லை. திரையின் ஒளியைக் கண்ணாடியொன்றினாற் பக்கமாகத் திருப்பி, கற்றைக்கு அப்பாலுள்ள கமெராவிற்குச் செலுத்துவதே வழக்கம். கமெராவின் சிலிக்கன் சில்லு கற்றையின் நேர்வழியில் இருப்பின், அதன் படங்களில் நாளுக்கு நாள் வெண்புள்ளிகள் பெருகிக்கொண்டே போகும்.

பளிங்குச் சாலகத்தில் நேரும் இடப்பெயர்ச்சி

வேக நியூத்திரன்கள் திண்மப் பதார்த்தங்களின் அணுக்களை இடம்பெயர்க்கும் என்பதை, அமெரிக்காவின் முதல் உலைகள் அமைக்கப்பட்ட நாட்களிலேயே யூஜீன் விக்னர் எடுத்துரைத்தார். உலையின் காரீயக் கட்டிகள் இவ்வாறு சேமித்துவைக்கும் சக்தியை வெளியேற்ற முயன்றபோதே, 1957ஆம் ஆண்டு ஒக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலையில் தீ மூண்டது. காரீயத்தில் அணுக்களின் பெயர்ச்சி சக்தியாகச் சேமிக்கப்பட, குறைகடத்திகளில் அதுவே மின்னியல்புகளின் சிதைவாகத் தோன்றுகின்றது.

சிலிக்கன் பளிங்கில் ஓர் அணுவை அதன் ஸ்தானத்தினின்று பெயர்ப்பதற்கு ஏறத்தாழ 25 இலத்திரன்வோல்ற்றுச் சக்தி போதுமானது. ஒரு மெகா இலத்திரன்வோல்ற்றுச் சக்தியுடைய நியூத்திரன் சிலிக்கன் கருவொன்றை நேர்முகமாக மோதினால், உந்த விதிகளின்படி அது 133 கிலோ இலத்திரன்வோல்ற்றுவரை அக்கருவிற்கு அளிக்கக்கூடும். கரம் பலகையின் நடுவில் அடுக்கிய காய்களை அடிகாய் சிதறடிப்பது போல, அவ்வாறு உதைக்கப்பட்ட முதல் அணு தன் வழியிலுள்ள பல நூறு அணுக்களைப் பெயர்த்தெறிந்து, மிகச் சிறிய வெளியில் குறைபாட்டுக் கொத்தொன்றை விட்டுச் செல்கின்றது. பெயர்ந்த அணுக்களுட் பெரும்பாலானவை உடனே தம் வெற்றிடங்களுக்கு மீண்டுவிடும். எஞ்சிய வெற்றிடங்களோ பளிங்கினூடே அலைந்து, ஒட்சிசன் அணுவோடும் பொசுபரசு அணுவோடும் தமக்குள்ளேயும் கூடி, நிலையான குறைபாடுகளாக அமைந்துவிடுகின்றன. இவை தடைசெய்யப்பட்ட சக்தி இடைவெளியில் புதிய சக்தி மட்டங்களைத் தோற்றுவிப்பதால், இலத்திரன்களும் துளைகளும் தம் பயணத்திடையே சிறைப்படுகின்றன, அல்லது ஒன்றோடொன்று சேர்ந்து மறைகின்றன, அல்லது வேண்டாத இடத்தில் புதிதாகப் பிறந்து பொசிவு மின்னோட்டமாகின்றன.

வெவ்வேறு உலைகளிலும் ஆர்முடுக்கிகளிலும் பெறப்பட்ட சேதங்களை ஒப்பிடுவதற்கு, ஒரு மெகா இலத்திரன்வோல்ற்று நியூத்திரன் விளைவிக்கும் சேதத்தை நியம அலகாகக் கொண்டு, மற்றெல்லாத் துகள்களின் தாக்கத்தையும் அதற்குச் சமமான எண்ணிக்கையாக மாற்றிக் கூறுவது மரபாயிற்று. இனி இக்கட்டுரையில் வரும் நியூத்திரன் எண்ணிக்கைகள், ஒரு சதுர சென்ரிமீற்றரில் வீழ்ந்த மொத்த நியூத்திரன்களைக் குறிப்பன.

பாகங்களின் தாங்குதிறன்

எல்லாப் பாகங்களும் ஒரே அளவில் நலிவடைவதில்லை. இருமுனைவுத் திரான்சிற்றரின் தொழில், அதன் அடிப்பகுதியினூடே சிறுபான்மை மின்னேந்திகள் அழியாமற் கடந்து செல்வதைச் சார்ந்திருப்பதால், அவற்றின் ஆயுட்காலம் குறையுந்தோறும் திரான்சிற்றரின் மின்னோட்டப் பெருக்கமும் குறைகின்றது. பெருக்கத்தின் தலைகீழ் எண் நியூத்திரன்களின் தொகைக்கு நேர்விகிதமாக உயரும் என்பதை 1958ஆம் ஆண்டில் மெசெஞ்சர், ஸ்பிராட் என்னும் இருவரும் நிறுவினர். எளிமையான அந்த விதி இன்றும் வடிவமைப்பாளர்க்கு வழிகாட்டுகின்றது. அடிப்பகுதி அகன்ற வலுத் திரான்சிற்றர்கள் விரைவில் நலிவுற, அடிப்பகுதி ஒடுங்கிய உயர்மீடிறன் திரான்சிற்றர்கள் அவற்றினும் பன்மடங்கு தாங்குகின்றன.

பெரும்பான்மை மின்னேந்திகளால் இயங்கும் உலோக–ஒட்சைட்டுப் புலத் திரான்சிற்றர்கள், 10¹⁴ நியூத்திரன்களுக்குப் பின்னரும் பெரிதும் மாறாமல் தொழிற்படக் கூடியவை. அவற்றிற்குப் பெரும் பகை, நியூத்திரனோடு கூடவே வரும் காமாக் கதிர் ஒட்சைட்டுப் படையில் விட்டுச்செல்லும் மின்னேற்றமேயாகும். ஒளிகாலும் இருவாயிகளும், அவற்றை உட்கொண்ட ஒளியிணைப்பிகளும் மிக மெல்லியன. வலுவழங்கியொன்றின் உள்ளே கண்ணிற் படாமல் இருக்கும் ஓர் ஒளியிணைப்பி தன் ஒளியை இழந்தமையால் முழுக் கருவியும் வாளாவிருந்துவிடுதல், கதிர்ப் பிரதேசங்களில் எதிர்பார்க்க வேண்டிய விபத்தாகும். தனி ஒளித்துகளையும் எண்ணவல்ல சிலிக்கன் ஒளிப்பெருக்கிகளோ 10¹⁰ நியூத்திரன்களுக்கு முன்னரே இருட்டிலும் போலித் துடிப்புக்களைப் பெருக்கத் தொடங்குகின்றன. இதற்கு மாறாக, தடையிகளும் வெண்களிக் கொள்ளளவிகளும் இத்தகைய அளவுகளை ஏறக்குறையப் பொருட்படுத்துவதேயில்லை.

சிலிக்கன் உணரிகள்

ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தின் பெருமோதுவியில் துகள் மோதல்களை ஆராயும் சி.எம்.எஸ். பரிசோதனைக்காக, பாபா அணு ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்து, பெங்களூரின் பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனத்திற் செய்விக்கப்பட்ட சிலிக்கன் பட்டி உணரிகள் ஏறக்குறைய ஆயிரம், அப்பரிசோதனையின் முற்பொழிவு உணரி என்னும் பகுதியில் பொருத்தப்பட்டன. ஒவ்வோர் உணரியும் 63 மில்லிமீற்றர் சதுரமும் 0.32 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்டு, 32 பட்டிகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. பத்தாண்டுக் காலத்தில் அவற்றின்மீது விழக்கூடியது ஏறத்தாழ 2×10¹⁴ நியூத்திரன்கள் என முன்னரே மதிப்பிட்டு, அவ்வளவையும் தாங்கும்படியே அவை வடிவமைக்கப்பட்டன.

இம்மதிப்பீடு எவ்வாறு பயன்படுகின்றது என்பதை ஒரு பட்டியைக் கொண்டு காணலாம். உணரியின் ஒரு கன சென்ரிமீற்றரில் ஒரு நியூத்திரனுக்கு ஏறக்குறைய 4×10⁻¹⁷ அம்பியர் வீதம் பொசிவு மின்னோட்டம் கூடும் என்பதும், இவ்வீதம் சிலிக்கன் எத்தன்மையதாயினும் மாறாது என்பதும், 1990களில் நடந்த விரிவான ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்ட செய்தி. பட்டியொன்றின் கனவளவு ஏறத்தாழ 0.035 கன சென்ரிமீற்றர். ஆகவே முழுத் தொகையும் விழுந்தபின் அதன் பொசிவு மின்னோட்டம், 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், ஏறக்குறைய 280 மைக்குரோ அம்பியராகும். இம்மின்னோட்டம் ஒவ்வொரு 7 அல்லது 8 பாகைக்கும் இரட்டிக்கும் இயல்புடையதாதலின், உணரியை உறைநிலைக்குக் கீழே 10 பாகைக்குக் குளிர்வித்தால் அதுவே 20 மைக்குரோ அம்பியர் அளவிற்குத் தணிந்துவிடும். குளிர்விக்கத் தவறினாலோ, மின்னோட்டம் வெப்பத்தைக் கூட்ட, வெப்பம் மின்னோட்டத்தைக் கூட்ட, உணரி தானே தன்னை அழித்துக்கொள்ளும் நிலை வந்து சேரும்.

பொசிவு மின்னோட்டம் கூடுவதோடு சிலிக்கனின் இனமே மாறுவதும் உண்டு. பொசுபரசு ஊட்டிய மறைவகைச் சிலிக்கன், 10¹³ நியூத்திரன்களை அண்மிக்கும்போது, நேர்வகைச் சிலிக்கன் போல நடக்கத் தொடங்கும். அதன்பின் உணரியை முழுமையாகச் செயற்படுத்த வேண்டிய வோல்ற்றளவு ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போகும். இக்காரணத்தால், வடிவமைப்பாளர் உணரியை முதலில் வேண்டப்படும் வோல்ற்றளவிற் பன்மடங்கைத் தாங்குமாறு ஆக்குகின்றனர். சேர்னின் பெருமோதுவியை மேம்படுத்தும் அடுத்த கட்டத்திற்கென ஆக்கப்படும் சி.எம்.எஸ். கலோரிமானியின் உட்புறச் சிலிக்கனோ 10¹⁶ நியூத்திரன்களைச் சந்திக்க வேண்டியது. அதனை உறைநிலைக்குக் கீழே 30 பாகையளவிற் குளிர்வித்து இயக்குவது அவ்வமைப்பின் அடிப்படை நிபந்தனையாயிற்று.

ஜேர்மானிய உணரிகள்

காமாக் கதிரின் சக்தியை மிக நுட்பமாக அளக்கும் உயர்தூய ஜேர்மானிய உணரிகளில் சேதம் வேறொரு வடிவில் வெளிப்படுகின்றது. மும்பாய், டெல்லி, கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களின் ஆர்முடுக்கி நிலையங்களில் முறைவைத்து அமைக்கப்பட்டுவரும் இந்திய தேசியக் காமா அணி, நான்கு ஜேர்மானியப் பளிங்குகளை ஒரே கூட்டில் அடக்கிய குளோவர் உணரிகளால் ஆனது. கன அயன்கள் இலக்கை மோதும்போது காமாக் கதிர்களோடு நியூத்திரன்களும் சிதறுகின்றன. அவை பளிங்கில் உண்டாக்கும் குறைபாடுகள் துளைகளைச் சிறைபிடிப்பதால், கூரிய சிகரமாக அமையவேண்டிய காமா நிரல், தாழ்ந்த சக்திப் பக்கத்தில் வால் நீண்டு மங்குகின்றது. நேர்வகை ஜேர்மானிய உணரியில் இம்மாற்றம் 10⁹ நியூத்திரன்கள் அளவிலேயே புலப்படும். துளைகள் குறுகிய தூரமே செல்லுமாறு அமைந்த மறைவகை உணரியோ அதனினும் பன்மடங்கு தாங்கும்.

இச்சேதத்தைப் போக்க, பளிங்கை வெற்றிடத்தில் ஏறத்தாழ 100 பாகைக்குச் சூடேற்றி, ஒருநாளோ அதற்கு மேலோ அவ்வாறே வைத்துப் பின்னர் திரவ நைதரசனாற் குளிர்விப்பர். குறைபாடுகள் கலைந்து, நிரலின் கூர்மை மீளும். ஆயின், நியூத்திரன் பட்ட உணரியை முழுதும் சூடேற்றாது அறை வெப்பநிலைக்கு மட்டும் வரவிட்டு மீண்டும் குளிர்வித்தால் அதன் நிலை முன்னிலும் மோசமாகும். ஆதலால் இத்தகைய உணரிகளைப் பராமரிப்போர், பரிசோதனை முடியும்வரை அவற்றின் திரவ நைதரசன் வற்றாமற் காப்பதைத் தலையாய கடமையாகக் கருதுகின்றனர்.

கணநேரப் பிழைகள்

மேற்கூறியவை ஆண்டுக்கணக்கிற் சேர்ந்து வளரும் நோய்கள். ஒரே ஒரு நியூத்திரன் ஒரு நொடியில் உண்டாக்கும் பிழை அவற்றினின்று வேறானது. சில மெகா இலத்திரன்வோல்ற்றுக்கு மேற்பட்ட நியூத்திரன் சிலிக்கன் கருவோடு தாக்கமுற்று அல்பாத் துகளையோ புரோத்தனையோ வெளியேற்றும். அத்துகள் தன் வழியிற் பிறப்பிக்கும் மின்னேற்றம் நினைவகக் கலமொன்றிற் சேரின், அங்கே பதிந்திருந்த 0 ஆனது 1 ஆகிவிடும். மெதுவான வெப்ப நியூத்திரன்களுங்கூட, சில்லுகளின் காப்புப்படையிற் சேர்ந்த போரனின் 10ஆம் சமதானியினால் மிகுந்த ஆர்வத்தோடு கவரப்பட்டு, 1.47 மெகா இலத்திரன்வோல்ற்றுச் சக்தியுடைய அல்பாத் துகளையும் இலிதியம் கருவையும் தோற்றுவிக்கும். அவ்வல்பாத் துகள் சிலிக்கனிற் பிறப்பிக்கும் இலத்திரன்–துளைச் சோடிகள் நான்கு இலட்சம். நவீன நினைவகக் கலத்தின் நிலையை மாற்றுவதற்கு அதிற் சிறு பங்கே போதும். 1990களின் நடுப்பகுதியில் இவ்வுண்மை தெளிவானபின், உற்பத்தியாளர் போரன் கலந்த கண்ணாடிப்படையைத் தம் புதிய சில்லுகளினின்று படிப்படியாக நீக்கினர்.

நினைவகம் பிழைபடுவதோடு அமையாது, சில சுற்றுக்கள் ஒரே நிலையிற் பூட்டுண்டு மிகையான மின்னோட்டத்தை இழுப்பதும், உயர் வோல்ற்றளவில் நிற்கும் வலுத் திரான்சிற்றர்கள் ஒரே நியூத்திரனால் எரிந்துபோவதும் உண்டு. 2007ஆம் ஆண்டில், சேர்னிலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வுகூடத்திற்கு 730 கிலோமீற்றர் தூரம், நியூத்திரனின் வேறான நியூத்திரினோ என்னும் துகள்களைச் செலுத்திய திட்டத்தில், கற்றைப் பாதையின் அருகே வைக்கப்பட்டிருந்த காற்றோட்டக் கட்டுப்பாட்டுக் கருவிகள் கதிரினாற் பிழைபட, அவ்வாண்டின் ஓட்டம் இடையில் நிறுத்தப்பட்டது. கற்றையை உருவாக்கும் அருமையான உறுப்புக்களுக்கன்றி, கடையில் வாங்கிப் பொருத்திய சாதாரணக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கே இக்கேடு நேர்ந்தமை கவனிக்கத்தக்கது. அதன்பின், பெருமோதுவியின் சுரங்கமெங்கும் உள்ள இலத்திரனியற் கருவிகளை ஆராய்ந்து, இடம்மாற்றவும் கவசமிடவும் வேண்டியவற்றைத் தெரிவு செய்யும் பெரும் பணி அங்கே முடுக்கிவிடப்பட்டது.

தூண்டப்பட்ட கதிரியக்கம்

நியூத்திரன் கற்றையில் நெடுநேரம் இருந்த சுற்றுப்பலகையைக் கையிலெடுக்குமுன் அதன் உலோகங்களை நினைத்துக்கொள்ளல் வேண்டும். செப்புத் தடங்கள் 12.7 மணி அரைவாழ்வுடைய செம்பு–64 ஆகவும், இணைப்புமுனைகளின் தங்கப் பூச்சு 2.7 நாள் அரைவாழ்வுடைய தங்கம்–198 ஆகவும், பற்றாசிலுள்ள வெள்ளி ஏறக்குறைய 250 நாள் அரைவாழ்வுடைய வெள்ளி–110m ஆகவும், தந்தாலக் கொள்ளளவிகள் 115 நாள் அரைவாழ்வுடைய தந்தாலம்–182 ஆகவும் மாறியிருக்கும். அலுமினியப் பெட்டி, வேக நியூத்திரனால், 15 மணி அரைவாழ்வுடைய சோடியம்–24ஐத் தோற்றுவிக்கும். ஒரு கிழமை காத்திருந்தால் செம்பும் சோடியமும் தணிந்துவிடும். வெள்ளிக்கும் தந்தாலத்திற்கும் ஆண்டுகள் செல்லும். பழுதுபார்ப்போரின் நலனை முன்னிட்டு, வெள்ளியற்ற பற்றாசும் தந்தாலமற்ற கொள்ளளவியும் தெரிந்தெடுத்தல் அறிவுடைமையாகும்.

தற்காப்பு முறைகள்

முதலாவதும் சிறந்ததுமான காப்பு தூரமே. உலைகளில் நியூத்திரனை எண்ணும் உணரி மட்டும் உள்ளகத்தின் அருகிலிருக்க, அதன் மெல்லிய துடிப்புக்களைப் பெருக்கும் சுற்றுக்கள் நீண்ட கம்பிவடத்தின் மறுமுனையில், தடித்த சுவருக்கு அப்பால் வைக்கப்படுகின்றன. தூரம் போதாதவிடத்துக் கவசம் வேண்டும். நியூத்திரனின் வேகத்தைத் தணிப்பதில் தன் திணிவிற்கு ஒத்த ஐதரசனுக்கு நிகர் வேறில்லையாதலின், ஐதரசன் செறிந்த பொலித்தீன் கட்டிகளும் கொங்கிரீற்றுச் சுவர்களும் முதலில் அதனை மெதுவாக்க, பொலித்தீனிற் கலந்த போரன் அதனைக் கவர்ந்துகொள்ளும். கட்மியத் தகடும் வெப்ப நியூத்திரனைக் கவரும். ஆயின் கவர்ந்தவுடன் வீரியம் மிக்க காமாக் கதிரை விடுவதால், அதன் பின்னே ஈயமும் வேண்டப்படும்.

சுற்றமைப்பிலும் காப்பிற்கு இடமுண்டு. இருமுனைவுத் திரான்சிற்றரின் பெருக்கம் பாதியாகக் குறைந்தாலும் சுற்று இயங்குமாறு தாராளமாக வடிவமைத்தல், ஒரே கணிப்பை மூன்று சுற்றுக்கள் தனித்தனியே செய்து பெரும்பான்மை விடையை ஏற்றுக்கொள்ளல், நினைவகத்திற் பிழைதிருத்தக் குறிகளைச் சேர்த்து இடையறாது சரிபார்த்தல், வலுத் திரான்சிற்றரை அதன் உச்ச வோல்ற்றளவிற் பாதிக்கே உட்படுத்தல் என்பன அவை. இவையனைத்திற்கும் மேலாக, சந்தையில் வாங்கிய பாகங்களை உபயோகிக்குமுன் உலையிலோ நியூத்திரன் பிறப்பாக்கியிலோ வைத்துப் பரிசோதித்தல் வேண்டும். ஒரே பெயரும் இலக்கமும் தாங்கிய இரு சில்லுகள், வெவ்வேறு தொகுதியிற் பிறந்தவையாயின், கதிரை வெவ்வேறாகத் தாங்குவதை அனுபவம் காட்டியுள்ளது. சேர்னின் உணரிகள் பல, சுலோவேனியாவின் லியுப்லியானாவிலுள்ள சிறு திரிகா உலையில் இவ்வாறு முன்னரே சோதிக்கப்பட்டவை.

நியூத்திரனால் ஆகும் நன்மை

சேதத்தின் அளவை அறிந்தவர் அதனைச் சேவைக்கும் ஆட்படுத்தினர். இயற்கைச் சிலிக்கனில் நூற்றுக்கு மூன்று பங்காயுள்ள சிலிக்கன்–30, வெப்ப நியூத்திரனைக் கவர்ந்து, 2.6 மணி அரைவாழ்வோடு பொசுபரசாக மாறுகின்றது. இம்முறையால் பளிங்கு முழுவதும் ஒரே சீராகப் பொசுபரசு ஊட்டப்படுவதால், உயர்வலு மின்கருவிகளுக்கு வேண்டிய சிலிக்கன் உலைகளில் இவ்வாறே பதப்படுத்தப்பட்டு வந்துள்ளது.

தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துப் போடி மேற்கு மலையிற் திட்டமிடப்பட்ட இந்திய நியூத்திரினோ ஆய்வகத்திற்கென எண்ணப்பட்ட பரிசோதனைகளுள் ஒன்று, வெள்ளீயம்–124 கருவில் நியூத்திரினோ அற்ற இரட்டைப் பீற்றாத் தேய்வைத் தேடும் டின்டின் ஆகும். தனிச்சூனிய வெப்பநிலைக்கு மேலே ஆயிரத்தில் சில பங்கு பாகை மட்டுமே உயர்ந்த குளிரில் நேரும் நுண்ணிய வெப்ப மாற்றத்தை அளப்பதற்கு, மும்பாயின் துருவா உலையில் நியூத்திரன் படச்செய்த ஜேர்மானியத் துண்டுகள் வெப்பமானிகளாகத் தெரிந்தெடுக்கப்பட்டன. நியூத்திரன் கவர்ந்த ஜேர்மானியம்–70 கல்லியமாகவும் ஜேர்மானியம்–74 ஆர்செனிக்காகவும் மாறி, வேண்டிய மின்தன்மையை அளிக்கின்றன. உடன்வந்த வேக நியூத்திரன்கள் விளைவித்த குறைபாடுகளோ, வெற்றிடத்தில் 600 பாகையில் இரண்டு மணி நேரம் சூடேற்றியபின் நீங்கியமை பரிசோதனையாற் புலனாயிற்று. ஒரே கற்றையின் மெதுவான பகுதி ஆக்கமும் வேகமான பகுதி அழிவும் செய்ய, முன்னதைக் காத்துப் பின்னதை வெப்பத்தால் விலக்கிய இச்செயல், இத்துறையின் முதிர்ச்சிக்குச் சிறந்த உதாரணமாகும்.

இலங்கையில்

இலங்கையில் ஆராய்ச்சி உலை இல்லை. அணுசக்திக் காரியங்கள் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இலங்கை அணுசக்திச் சபையாலும் தனியானதோர் ஒழுங்குபடுத்தும் பேரவையாலும் நடத்தப்படுகின்றன. கொழும்பு, உறுகுணைப் பல்கலைக்கழகங்கள் சி.எம்.எஸ். பரிசோதனையிற் பங்குகொள்வதால், மேலே விவரித்த சிலிக்கன் உணரிகளின் பிரச்சினை இந்நாட்டு மாணவர்க்கும் உரியதாயிற்று.

அண்டக் கதிர்கள் வளிமண்டலத்திற் பிறப்பிக்கும் இயற்கை நியூத்திரன்கள் உலகெங்கும் விழுவன. நியூயோர்க் நகரில், கடல்மட்டத்தில், 10 மெகா இலத்திரன்வோல்ற்றுக்கு மேற்பட்டவை ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு மணிக்கு ஏறக்குறைய 13 என்பது நியமக் கணக்கு. பூமியின் காந்தப்புலம் நடுக்கோட்டை அண்டிய பிரதேசங்களுக்குச் சிறந்த கவசமாதலால் இலங்கையில் இத்தொகை அதிற் பாதியளவே. மாத்தளைக்கு வடக்கே கண்டி–யாழ்ப்பாணப் பெருந்தெருவில் உள்ள பலாபத்வல போன்ற ஓர் ஊரின் பாடசாலைக் கணினிக்கு இது பொருட்படுத்தத்தக்க ஆபத்தன்று. ஆயினும் உயரம் கூடக்கூட வளிமண்டலக் கவசம் மெலிந்து நியூத்திரன் மிகுவதால், கடலோரத்தில் அளந்த எண்ணை மலைநாட்டிற்கு அப்படியே பொருத்துதல் ஆகாது.

இலங்கை மாணவரொருவர் நியூத்திரன் மூலமொன்றின் அருகே இலத்திரனியற் கருவி அமைக்கப் புகுவாராயின், ஒவ்வொரு பாகத்தின்மீதும் விழக்கூடிய மொத்த நியூத்திரன் தொகை, அந்நியூத்திரன்களின் சக்திப் பரம்பல், கருவி இயங்கும் வெப்பநிலை ஆகிய மூன்றையும் முதலிற் குறித்துவைத்தல் வேண்டும். பொசிவு மின்னோட்டம் முதல் சுற்றுப்பலகையைக் கையாளத் தக்க நாள்வரை, இங்கே கூறிய கணக்குகள் யாவும் அம்மூன்றிலிருந்தே தொடங்குகின்றன. அவற்றைக் குறியாது விட்டவருக்கு, கருவி பழுதுற்ற பின்னர் அதன் காரணத்தை அறியும் வழியும் அடைபட்டுப் போகும்.